ஒரு சைஸ் பெரிசு

போயா லீவு. ஊருக்கெல்லாம் லீவு,
பஸ்ஸுக்கு மட்டும் இல்லை.
நாலரைக்கே இவர் போய்விட்டார்,
நான் இரண்டுதரம் தோய்த்தும் போகாத
காலர் ஊத்தையோடு.
பரவாயில்லை, அது சீற்றுக்குத்தானே தெரியும்.
நிலாவெளிக்கு இன்றைக்கு மேலதிக ஓட்டமாம்.
தெற்கிலிருந்து வந்திறங்கும் குடும்பங்களைக்
கடலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுப்
பின்னேரம் உப்போடு அள்ளி வரவேண்டும்.

எனக்கும் லீவுதான்.
பயறு ஊறுகிறது. கரண்ட் பில் மேசையில்.
கேஷிகா கட்டிலில் ஏறி நின்று
கையை அகல விரித்து,
"அதைப் போட்டுவிடுங்கோ" என்கிறாள்.

அது,
வதனியக்கா ஸ்காபரோவிலிருந்து அனுப்பிய குளிர்க்கோட்டு.
ஊதா. தொப்பியைச் சுற்றிப் பூனைமயிர் மாதிரி ஒன்று.
உள்ளே முழுக்கப் பஞ்சு.
திருகோணமலையில், ஆகஸ்டில்,
கச்சான் காற்று தெருமணலை வாரிவந்து
நான் கழுவிய தரையில் போடும் மாதத்தில்.

மஞ்சள் பூப் போட்ட பருத்திச் சட்டை காட்டினேன்.
வேண்டாம்.
பெருநாளுக்கு முன்வீட்டு நஸீஹா தைத்துத் தந்த பாவாடை.
வேண்டாம்.
நீலக் காற்சட்டை குத்துமாம்.
அவியும் பிள்ளை, வேர்க்குரு போடும் என்றேன்.
"அப்ப ஏன் பெரியம்மா அனுப்பினவ?"

அக்கா போய்ப் பதினெட்டு வருசம்.
வெக்கையை மறந்திருப்பாளோ,
இல்லை, தனக்குக் குளிரும்போதெல்லாம்
எங்களுக்கும் குளிரும் என்று நினைக்கிறாளோ.
வட்ஸ்அப்பில் அளவு கேட்பாள்.
சொன்ன அளவோடு ஒன்று கூட்டித்தான் எடுப்பாள்.
"வளர்ற பிள்ளைதானே."

இரண்டு கையும் உள்ளே போய்க் காணாமற்போயின.
மடித்து மடித்து விரல்களைத் தேடி எடுத்தேன்.
சிப் இழுக்கையில் நாடியைத் தூக்கச் சொன்னேன்.
நாள் முழுவதிலும் இந்த ஒரு கணம்தான்
அவள் எனக்குச் சொல்வழி கேட்பது.
கூரையைப் பார்த்தபடி,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

பொக்கற்றில் ஏதோ தட்டுப்பட்டது.
ஒரு மிட்டாய்த் தாள், கசங்கிய பஸ் துண்டு.
பிறகுதான் பார்த்தேன், கழுத்துப் பட்டியின் உள்ளே
கறுப்புப் பேனையால், அழிந்தும் அழியாமலும்,
நிவேனா.

"புத்தம் புதுசு தங்கச்சி" என்று சொன்னவள்.

கோபம் வரட்டும் என்று கொஞ்சநேரம் பார்த்தேன்.
வரவில்லை.
ஐந்தாம் வகுப்புவரை நான் போட்டதெல்லாம்
அவளுடைய வெள்ளைச் சட்டைகள்தான்.
அப்போதும் இதைத்தான் சொல்வாள்,
"நான் ஒருக்காத்தான் போட்டனான்."

பஸ் ஸ்ராண்டில் ஒரு மான்
பழத்தோல் தின்பதை விட்டுவிட்டு
எங்களை ஏறிட்டுப் பார்த்தது.
ஐஸ்கிறீம்காரன் சிரித்தான்.
நான் ஒருவரையும் பார்க்கவில்லை.
வருவோம் என்று இவருக்குச் சொல்லவுமில்லை.
ஊதாவைக் கண்டதும் பஸ்
தேவையில்லாமல் ஒரு ஹோர்ன் அடித்தது.

முழு ரிக்கற் ஒன்று, அரை ரிக்கற் ஒன்று.
கொண்டக்டர் வேண்டாமென்றார், இவர் விடவில்லை.
உப்புவெளி தாண்டமுன்னமே
அவள் நெற்றிமயிர் ஒட்டிவிட்டது.
வேர்க்குதா? இல்லை.
கழட்டவா? இல்லை.
சாம்பல்தீவில் கடற்காற்று உள்ளே வந்து
அந்தப் பூனைமயிரைக் குழப்பிவிட,
கண்ணாடியில் இவர் கண் எங்களைத் தேடியது.
ரோட்டைப் பாருங்கோ என்று சைகை செய்தேன்.

லீவென்றால் எங்களுக்கு இவ்வளவுதான்,
இவருடைய முதுகு, இவளுடைய தொப்பி,
என் மடியில் தண்ணீர்ப் போத்தல்.

நிலாவெளியில் தானே கழட்டினாள்.
மணலில் விரித்து, மேலே இருந்து கச்சான் உரித்தாள்.
படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.
அளவு காணும் என்று எழுதினேன்.
பெயரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

இரவு, தோய்க்க எடுத்தபோது
மிட்டாய்த் தாளுக்குப் பக்கத்தில் நாலு சிப்பி,
ஈரமாக ஒரு அரை ரிக்கற்.
அப்படியே ஆணியில் கொழுவிவிட்டேன்.
இவர் சப்பாத்தைக் கழட்டமுன்னமே நித்திரை.

குசினியில்
பயறு புளித்துப்போயிருந்தது.